சங்கீதம் 104 ஆத்தேன் பாடலின் நகலா?

எகிப்திய இலக்கியத்தையும் எபிரேய பைபிளையும் ஒப்பிடும் உங்கள் கட்டுரையில், பைபிளின் 104ஆம் சங்கீதத்தை எகிப்திய அரசர் அகநாத்தனின் ஆத்தேன் பாடலிலிருந்து (ஆத்தேன் என்பது அவர் வழிபட்ட சூரியத் தெய்வம்) எடுத்தது என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். இருட்டியதும் சிங்கம் வெளியே வருவது, விடிந்ததும் மனிதர் வேலைக்குப் போவது எல்லாம் இரண்டிலும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அகநாத்தன் இறந்த கொஞ்ச காலத்திலேயே ஆத்தேன் வழிபாட்டை ஒழித்துவிட்டார்கள், அந்த நீளமான பாடல் நமக்குக் கிடைத்ததே அவருடைய தலைநகரான அமர்னாவில் ஆய் என்ற அரசவை அதிகாரியின் கல்லறைச் சுவரில்தான், அது பல நூற்றாண்டு தாண்டி எபிரேயக் கவிஞரிடம் எப்படி வந்தது என்று கேட்டால் உங்களால் காட்ட முடியாது.

அதைவிட அமெனெமோப் என்ற எகிப்தியரின் அறிவுரை நூலை எடுங்கள். 30 அதிகாரம், 1923இல் எகிப்தியல் அறிஞர் பட்ஜ் பதிப்பித்தார், அடுத்த ஆண்டே இன்னொரு எகிப்தியல் அறிஞர் எர்மன் பைபிளின் நீதிமொழிகள் நூலோடு ஒப்பிட்டுக் காட்டினார். நீதிமொழிகள் 23:5இல் செல்வம் கழுகுபோல் சிறகு முளைத்து வானத்துக்குப் பறக்கிறது, அமெனெமோப்பில் வாத்துபோல் பறக்கிறது. விதவையின் வயல் எல்லையில் கைவைக்காதே என்கிறது எகிப்திய நூல். நீதிமொழிகள் 23:10ஐத் திறந்து பாருங்கள், அங்கே திக்கற்ற பிள்ளைகளின் நிலம். அமெனெமோப்பின் நூல் எழுத்தர் பயிற்சியில் படியெடுத்த நூல், அதனால் பரவியிருக்க வழியும் இருக்கிறது. அப்புறம் வேறுபாட்டையும் காட்ட மறுமையைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள்: எகிப்தியரின் மறுமைத் தெய்வம் ஒசிரிஸ் முன் இதயத்தை நிறுக்கும் தீர்ப்பு எங்கே, நல்லவர் கெட்டவர் எல்லாரும் போய்ச் சேரும் பழைய எபிரேயப் பாதாளம் எங்கே!