பத்தொன்பதா, இருபதா?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். சென்ற மாதம் 14-ஆம் தேதி எனக்கு 27 வயது முடிந்தது. இரவு 12 மணிக்கு அறை நண்பர்கள் மொட்டை மாடியில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் தூங்கப் போன பிறகு நான் மட்டும் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் என்ன செய்துவிட்டேன் என்ற கேள்வி என்னைத் தின்றது. இன்ஜினீயரிங் முடித்துக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 3 வருடம் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து 3 வருடமாக யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். 3 முறை எழுதியதில் ஒருமுறை முதன்மைத் தேர்வுவரை போனேன். ஓ.பி.சி. என்பதால் 35 வயதுவரை 9 வாய்ப்பு உண்டு, இன்னும் 6 இருக்கிறது. உடன் படித்தவர்கள் கார் வாங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு மாடுகளும்தான். கோவையில் சேர்த்த பணம் முதல் வருடத்தோடு தீர்ந்தது. இந்த 2 வருடமாக அப்பாதான் 7-ஆம் தேதி ஆனால் தவறாமல் 8,000 ரூபாய் அனுப்புகிறார். அவர் எனக்குத் தெய்வம். ஒரு தங்கை உண்டு. 19 அல்லது 20 இருக்கும். நன்றாகப் படிப்பாள், ஆனால் பிளஸ் டூவுக்குப் பிறகு அவள் விருப்பப்படி 2 வருடமாக மில்லுக்குப் போகிறாள். அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை. கலெக்டர் ஆகி அப்பாவை ஜீப்பில் அழைத்துப்போக வேண்டும், அம்மாவுக்கு மாடி வீடு கட்ட வேண்டும், ஊரில் பெண் பிள்ளைகள் படிக்க ஒரு நூலகம் வைக்க வேண்டும் என்பவை என் கனவுகள். தொடர்ந்து படிக்கட்டுமா, விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டுமா?

பதில்:

தம்பி,

பிறந்தநாள் இரவில் தூக்கம் வராமல் எழுதிய கடிதங்கள் இந்த மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. மொட்டை மாடியையும் தண்ணீர்த் தொட்டியையும் நண்பன் வாங்கிய காரையும் நான் பல கையெழுத்துகளில் படித்திருக்கிறேன். "வயது இன்னும் இருக்கிறது, மனம் தளராதே" என்று எழுதுவேன் என நீ காத்திருப்பாய். அதை உன் அறை நண்பர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உன் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"19 அல்லது 20 இருக்கும்."

எதிர் வீட்டுக்குக் குடிவந்த பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் இப்படிப் பதில் சொல்லலாம். உன் வீட்டில் தொட்டில் கட்டியபோது உனக்கு ஏழோ எட்டோ வயது. தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருப்பாய். அவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்திருப்பாய். உன் வயதைத் தேர்வாணையம் எந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடும், எத்தனை வாய்ப்பு கழிந்தது, எத்தனை மிச்சம் என்பதெல்லாம் உன் விரல்நுனியில் இருக்கிறது. ஒரே தங்கைக்கு வயது என்ன என்பது மட்டும் உத்தேசமாக இருக்கிறது. அதுவும் எந்தக் கடிதத்தில்? உன் பிறந்தநாளைப் பற்றிய கடிதத்தில்.

என் தாயாருக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதிதான் கடைசிவரை இருந்தது. அந்தத் தலைமுறையில் அப்படித்தான். உன் தங்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, ஆதார் இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டாலும் உன் அம்மா இருக்கிறார். தேதி மறந்திருந்தால்கூட மாதத்தையும் நட்சத்திரத்தையும் சொல்வார், அன்று மழை பெய்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வார். நீ கேட்டதில்லை.

வயது தெரியாததை மறதி என்று விட்டுவிடலாமா என்று நானும் யோசித்தேன். முடியவில்லை. அதற்கு அடுத்த வரிகள் விடவில்லை.

மானாவாரி நிலத்தில் 7-ஆம் தேதி ஏது தம்பி? மழை பெய்தால் சோளமோ கடலையோ வரும், வருடத்துக்கு ஒருமுறை கையில் கொஞ்சம் காசு நிற்கும். பால் பணம் பிண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் போக மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கே போதாது. மாதந்தோறும் 7-ஆம் தேதி பணம் வருவது ஆலைச் சம்பளக்காரர்களுக்கு. 1,000 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலை, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. உன் அப்பா 2 வருடமாகப் பணம் அனுப்புகிறார். உன் தங்கை 2 வருடமாக மில்லுக்குப் போகிறாள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிய நீ, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு பிடிபடாமலா இருக்கும்? பார்க்க விரும்பவில்லை என்றே நான் நினைக்கிறேன். அனுப்புகிறவர் அப்பா என்றால் அது பாசம், வாங்கிக்கொள்ளலாம். தங்கை என்றால் அந்தப் பணம் கையில் சுடும்.

நூற்பாலையில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றும் நீ எழுதவில்லை. சைடர் வேலை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திர வரிசைகளுக்கு நடுவே ஷிப்ட் முழுவதும் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்ட வேண்டும். உட்கார நேரம் கிடைக்காது. நூல் அறாமல் இருப்பதற்காக ஆலைக்குள் ஈரக் காற்றைப் பரவ விட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தப் புழுக்கத்தில் 8 மணி நேரம். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். பஞ்சுத் தூசு தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டும், மூச்சிலும் போகும். வருடக்கணக்கில் அதைச் சுவாசித்து நெஞ்சடைப்பும் இருமலுமாகத் திரும்பியவர்களை உங்கள் பக்கத்து ஊர்களிலேயே பார்க்கலாம். இரவு ஷிப்ட் என்றால், நீ செய்தித்தாளை விரிக்கும் நேரத்தில்தான் அவள் மில் வேனில் தூங்கி வழிந்துகொண்டு வீட்டுக்கு வருவாள்.

"அவள் விருப்பப்படி" என்கிறாய். யார் கேட்டார்கள் அவள் விருப்பத்தை? நன்றாகப் படிப்பாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதிப்பெண்ணைக் கேட்டிருப்பாய், வாழ்த்துச் சொல்லியிருப்பாய், போனை வைத்திருப்பாய். அதே வாரம் சென்னையில் உன் கையிருப்பு தீர்ந்தது. வீட்டில் காசு இல்லை என்று தெரிந்த பெண் பிள்ளை, தனக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று தானே முன்வந்து சொல்லிவிடுவாள். யாரும் அவளை வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். கேட்டவர்களுக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட தங்கைகள் 45 வயதுக்கு மேல் எனக்கு எழுதுவார்கள். அண்ணனைப் பற்றி ஒரு குறையும் இருக்காது. முழங்கால் வலியைப் பற்றியோ மகளின் படிப்பைப் பற்றியோதான் கேட்பார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும் இடையில் ஒரு வரி எழுதியிருந்தார். அண்ணனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வந்திருந்த அதிகாரிகளுக்கு அவரை அறிமுகம் செய்த அண்ணன், "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றாராம். அந்த அண்ணன் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் அதை நம்பியே விட்டார். நீ "அவள் விருப்பப்படி" என்று எழுதத் தொடங்கிவிட்டாய். அந்த இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் அதிக தூரமில்லை.

நான் குடும்பத்தை நம்புகிறவள். அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதும் ஆள் நான் இல்லை. ஒருவர் மேலே ஏற இன்னொருவர் சில வருடம் தோள் கொடுத்துத்தான் நம் வீடுகள் எழுந்து நின்றிருக்கின்றன. ஆனால் யாருடைய தோள் என்பது ஏறுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முறை மாறியும் வர வேண்டும். எந்த வீட்டிலும் அந்தத் தோள் பெண் பிள்ளையுடையதாகவே இருக்கிறது, முறை மாறும் நாள் வருவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. உன் பெற்றோர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. உன் அப்பாவைத் தெய்வம் என்கிறாய், சரி. ஆனால் மகளின் சம்பளத்தை மகன் கையில் தன் பணமாகக் கொடுத்தது சரியில்லை. உன் மனம் கஷ்டப்படக் கூடாது என்று செய்திருப்பார். ஆனால் நீ இன்னும் சின்னப் பிள்ளை இல்லையே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலைக்குப் போ. தேர்வையும் விட வேண்டாம். உன் கணக்குப்படியே இன்னும் 8 வருடமும் 6 வாய்ப்பும் இருக்கின்றன. ஒரு வருடம் எழுதாமல் விட்டால் வாய்ப்பு எதுவும் கழியாது. 2023-ஆம் ஆண்டுக்கான குடிமைப் பணித் தேர்வில் நாடு முழுவதும் சேர்த்துத் தேர்வானவர்கள் 1,016 பேர். இதில் எப்போது நுழைவாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாள் வரும்வரை இன்னொருத்தியின் வயது காத்திருக்காது. கல்லூரிச் சேர்க்கைக்கும் வயது வரம்பு உண்டு. அவளுக்கு 19-ஆ 20-ஆ என்பது உனக்கு ஒரு வரியாகப் போய்விட்டது. அவளுக்கு அது ஒரு முழு வருடம்.

கோவையில் 3 வருட அனுபவம் இருக்கிறது. பம்ப் கம்பெனிகளில் உனக்கு வேலை கிடைக்காமல் போகாது. காலையில் 3 மணி நேரம் படி. புத்தகத்துக்குச் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறக்கப்பட்டுவிட்டது, விடுமுறை நாளில் போய் வரலாம். முழுநேரமும் படித்தே ஆக வேண்டும் என்றால், நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் அரசு கொடுக்கிறதே, அதற்கு உட்கார். அதில் தேர்வானால் அந்தப் பணத்தில் படி. இனி வீட்டிலிருந்து 8,000 வாங்கக் கூடாது.

வேலையில் சேர்ந்த பிறகு ஊருக்குப் போ. போனில் பேசி முடிக்காதே. அப்பா அம்மா எதிரில், "உனக்குப் படிக்க ஆசையா?" என்று அவளிடம் கேட்டுவிடாதே. "இல்லை அண்ணா" என்பாள். அவளுக்கு வேறு பதில் பழக்கமில்லை. முதலில், "எனக்குச் சம்பளம் வந்துவிட்டது, இனிமேல் உன் பணம் எனக்கு வேண்டாம்" என்று சொல். அந்தப் பணம் யாருடையது என்று உனக்குத் தெரியும் என்பதை அவள் உன் வாயால் கேட்கட்டும். அதற்குப் பிறகு, பிளஸ் டூ முடித்தபோது என்ன படிக்க நினைத்திருந்தாள் என்று கேள். உடனே சொல்ல மாட்டாள். இரண்டு நாள் அங்கேயே இரு. மில் வேனிலிருந்து அவள் இறங்கும் நேரத்தில் ரோட்டில் போய் நில்.

படிக்கிறேன் என்றால் திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பத்தை நீயே உட்கார்ந்து பூர்த்தி செய். மில்லை விட்டு வருவதற்கு முன் அவளுடைய பி.எஃப். கணக்கைப் பார். உங்கள் பக்கத்து மில்களில் 3 வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஏதாவது தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்றும் பார். மில் வேலையே போதும் என்று அவள் மனதாரச் சொன்னால் அதுவும் அவள் இஷ்டம். அப்போது அந்தச் சம்பளம் அவள் பெயரில் சேரட்டும், வேறு யார் தேவைக்கும் போக வேண்டாம்.

ஊரில் பெண் பிள்ளைகள் படிக்க நூலகம் வைப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது தம்பி. நீ நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

ஊருக்குப் போய்த் திரும்பியதும் எனக்கு ஒரு கடிதம் எழுது. முதல் வரியில் உன் தங்கையின் பிறந்த தேதி இருக்கட்டும். உன் தேர்வைப் பற்றி அதற்குக் கீழே எழுது, படிக்கிறேன்.