வாசகர் கேள்வி-பதில்: எட்டாம் இடத்திலிருந்து கோப்பையா?

கேள்வி: ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் என் அணி தட்டுத்தடுமாறி 8ஆம் இடம் பிடித்துவிட்டது. கோப்பைக் கனவு காணலாமா? டர்பனில் எத்தனை மணிக்கு டிவி முன் உட்கார வேண்டும்?
- ஒரு ரசிகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: காணலாம், ஆனால் கரடுமுரடான பாதை. முதல் 8 அணிகள் ஆடும் இறுதிச் சுற்றில், முதல் நான்கு இடத்து அணிகள் முதல் வாரம் தோற்றாலும் மறுவாய்ப்பு உண்டு. வென்றால் ஒரு வாரம் ஓய்வு. உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 5ஆம் அணியிடம் தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். கோப்பைக்குத் தொடர்ந்து 4 வெற்றிகள் தேவை. 2009இல் பாரமட்டா அணி 8ஆம் இடத்திலிருந்து கிராண்ட் ஃபைனல் (கோப்பைக்கான கடைசி ஆட்டம்) வரை போய், மெல்போர்ன் அணியிடம் தோற்றது.

சமநிலையில் கடைசி நிமிடங்கள் ஓடினால் ஐந்தாவது டேக்கிளைக் (பந்து வைத்திருப்பவரை எதிரணி மடக்கிப் பிடிப்பது) கவனியுங்கள். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால் அதற்குள் உதைத்துவிடுவார்கள். உதைக்கப்போகிறவர் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் தனியாக நிற்பார். ஃபீல்ட் கோலுக்கு (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) ரக்பி லீக்கில் 1 புள்ளிதான். 40 மீட்டருக்கு அப்பாலிருந்து அடித்தால் 2. ஸ்பிரிங்பாக் (நம் நாட்டு ரக்பி யூனியன் அணி; அது வேறு வகை ரக்பி) ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள் 3 என்று துள்ளிவிடாதீர்கள்! இறுதிச் சுற்றில் 80 நிமிடத்திலும் சமன் என்றால் முதலில் 10 நிமிடக் கூடுதல் நேரம் முழுவதும் ஆடுவார்கள். அதிலும் சமன் என்றால்தான், அடுத்து முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. 2015 கிராண்ட் ஃபைனலில் கூடுதல் நேரம் தொடங்கியதிலிருந்தே முதல் புள்ளிக்கு வெற்றி என்ற விதி இருந்தது. கௌபாய்ஸ் அணி பிரிஸ்பேன் அணியை 17-16 என்று வென்றது அப்படித்தான்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செப்டம்பரில் சிட்னி நமக்கு 8 மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் 9 ஆகிவிடும். கிராண்ட் ஃபைனலும் பெரும்பாலும் அன்றுதான். அங்கே இரவு 7:30 என்றால் இங்கே காலை 10:30. 11:30க்கு உட்கார்ந்தால் முதல் பாதி போச்சு. புரட்டாசி விரதமாக இருக்கும், பீன்ஸ் பன்னி சௌவே (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) வாங்கி வையுங்கள்.