ஓடும்போது மறையும் ஆழம்: நீர்த்தேக்கப் படகில் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் மைத்துனர் சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் உரிமத்துடன் மீன்பிடிக்கும் குழுவில் இருக்கிறார். பரிசல்களுக்குத் துணையாக 18 அடி ஃபைபர் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு இருவரும் சேர்ந்து வாங்கினோம். கயிறு இழுத்து ஓட்டும் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். ஒலியை அனுப்பி நீரின் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரை, ஐந்து அங்குலத் திரையும் ஜிபிஎஸ்ஸும் உள்ளதை, நாங்களே பொருத்தினோம். படகு நிற்கும்போது ஆழம் சரியாக வருகிறது. ஓடத் தொடங்கினால் எண் மறைந்துவிடுகிறது. கரையோரத்தில் சில நேரம் இரு மடங்கு ஆழம் காட்டுகிறது. திரை முழுவதும் புள்ளிகள். ஜிபிஎஸ்ஸில் குறித்த இடத்தைக் கைப்பேசியில் இட்டால் முக்கால் கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. கருவி பழுதா? காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் உறவினர் ஒருவரும் இதையே வாங்க நினைக்கிறார். வாங்கலாமா? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: கருவி பழுதில்லை. நின்ற படகில் ஆழம் சரியாக வருகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே, திரையும், நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரும், அவற்றை இணைக்கும் கேபிளும் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்று. உங்கள் படங்களில் தெரியும் முக்கியத் தவறுகள் இரண்டு. எஞ்சினுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தொலைவிலேயே டிரான்ஸ்டியூசரைத் திருகியிருக்கிறீர்கள். இரவு விளக்குகளுக்கான பேட்டரியிலிருந்தே கருவிக்கும் மின்சாரம் எடுத்திருக்கிறீர்கள். ஜிபிஎஸ் சிக்கல் இவற்றோடு தொடர்பில்லாதது. அதற்குத் திருகாணி எதையும் தொட வேண்டியதில்லை.

முதலில் டிரான்ஸ்டியூசர். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 40 அடி ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு போதும். அந்த ஒலிக்கு நீரைக் கடப்பது எளிது. காற்றைக் கடப்பது ஏறக்குறைய இயலாது, முட்டிய இடத்திலேயே திரும்பிவிடும். மீன் திரையில் தெரிவதும் பெரும்பாலும் அதன் சதையால் அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால்தான். அதனால் படகின் அடியில் எழும் நுரைக்குமிழியும் மீனின் காற்றுப்பையும் கருவிக்கு ஒரே சாதிதான். படகு ஓடும்போது புரொப்பெல்லர் கலக்கும் நீர் டிரான்ஸ்டியூசரின் முகத்தை மூடிக்கொண்டால், ஒலி தரைக்குப் போகும் முன்பே சிதறிவிடுகிறது. எண் மறைவது அதனால்தான்.

வெளிப்புற எஞ்சின் ஒன்று மட்டும் உள்ள படகில், புரொப்பெல்லரின் நடுக்கோட்டிலிருந்து டிரான்ஸ்டியூசர் குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகார முள்ளின் திசையில் சுற்றினால், அதன் இதழ்கள் வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும், இடப்பக்கத்தில் மேல்நோக்கி ஏறும். இறங்கும் பக்கத்தில் கலங்கல் குறைவு என்பதால் டிரான்ஸ்டியூசரை வலப்பக்கத்துக்கு மாற்றுங்கள். உங்கள் எஞ்சின் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைத் துளையிடும் முன் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்ததாகப் படகைக் கரையேற்றி அதன் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் வரப்புகள், அச்சில் விழுந்த மேடு, பழைய ஒட்டு எதுவானாலும், டிரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால் இருந்தால் அங்கிருந்தும் குமிழி வரும். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடிமட்டத்தை விட 3 மில்லிமீட்டர் மட்டுமே கீழே இறங்கியிருக்கலாம். உங்கள் படத்தில் அது ஒரு விரற்கடைக்கு மேல் தொங்குகிறது. அந்த நிலையில் அது தன் குமிழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், வலைக்கயிறும் அதில் மாட்டும். மட்டப்பலகை ஒன்றைப் படகின் அடியில் பின்னோக்கி நீட்டிப் பிடித்தால் இந்த அளவைச் சுலபமாகப் பார்த்துவிடலாம்.

பழைய துளைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். இத்தகைய படகுகளின் பின்பலகையில் ஃபைபருக்குள் பிளைவுட் இருப்பது வழக்கம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு படகில் கைவிட்ட இரண்டு துளைகளைக் குளியலறைக்குப் பூசும் சிலிகானால் அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து அந்தப் பலகையைத் திறந்தபோது உள்ளே மரம் ஊறவைத்த ரொட்டி போல இருந்தது. படகுக்காரர் என்னைத் திட்டவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. துளைகளை எபாக்சியால் நிரப்புங்கள். புதிய இடத்தில் ஓர் அடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் படகுக்குரிய பாலியூரிதேன் சீலன்ட் பூசிப் பொருத்தி, டிரான்ஸ்டியூசரை அந்தப் பலகையில் திருகுங்கள். பிறகு எத்தனை முறை ஏற்றி இறக்கிச் சரிசெய்தாலும் படகின் மரத்தில் புதுத் துளை விழாது. ராணிப்பேட்டைப் பக்கம் ஃபைபர் தொட்டி வேலை செய்பவர்களிடம் எபாக்சி வேலையைக் கொடுத்தாலே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம்.

துளையே வேண்டாம் என்றால், படகின் உள்ளே அடித்தரையில் டிரான்ஸ்டியூசரை எபாக்சியில் பதித்து, ஃபைபரின் ஊடாக ஒலியை அனுப்பும் முறையும் உண்டு. அடித்தட்டு முழுக்க ஃபைபராக இருந்தால்தான் அது பலிக்கும். நடுவில் நுரையோ மரமோ இருந்தால் பலிக்காது. ஒட்டும் முன் அந்த இடத்தில் சிறிது நீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வெளியில் தொங்கவிட்டால் வரும் ஆழமே உள்ளேயும் வந்தால் ஒட்டலாம். ஒட்டும் எபாக்சியில் ஒரு காற்றுக்குமிழி கூட இருக்கக்கூடாது. நீரின் வெப்பநிலையை இந்த முறையில் அறிய முடியாது. உங்கள் தேவைக்குப் பின்பலகையே மேல் என்பது என் கருத்து.

இரு மடங்கு ஆழம் வருவது வேறு கதை. ஆழம் குறைந்த, தரை கெட்டியான இடத்தில் எதிரொலி தரையிலிருந்து மேலே வந்து, நீரின் மேற்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய், இரண்டாம் முறையும் திரும்பி வருகிறது. உணர்திறனை மிகையாக வைத்திருந்தால் கருவி அந்த இரண்டாவது எதிரொலியைத் தரை என்று எண்ணிவிடும். உணர்திறனைப் படிப்படியாகக் குறைத்தால் இது நின்றுவிடும்.

இப்போது புள்ளிகள். அவை நுரையால் வருகின்றனவா மின்சாரத்தால் வருகின்றனவா என்பதை ஐந்து நிமிடத்தில் பிரித்தறியலாம். படகைக் கரையில் கட்டிவிட்டு, எஞ்சினை நியூட்ரலில் ஓடவிடுங்கள். நீர் கலங்காத அந்த நிலையிலும் புள்ளிகள் வந்தால் அது மின்தொல்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி விளக்குகளை மட்டும் போட்டுப் பாருங்கள். எல்இடி விளக்குக்குள் இருக்கும் மின்சுற்றும் இதே தொல்லையைத் தரவல்லது. இரண்டிலும் திரை சுத்தமாக இருந்து, படகு ஓடினால் மட்டுமே புள்ளிகள் வருமானால் டிரான்ஸ்டியூசரை இடம் மாற்றுவதே தீர்வு. உங்கள் விஷயத்தில் இரண்டும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மின்தொல்லைக்குச் செலவு குறைந்த தீர்வு, கருவிக்கெனத் தனிப் பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈய பேட்டரி வேலூர் கடைகளிலேயே கிடைக்கும். உங்கள் கருவி 0.6 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், பேட்டரி சீக்கிரம் கெடாதிருக்க அதில் பாதியை மட்டும் செலவழித்தாலும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மாலையில் வலை விட்டு விடியலில் எடுக்க அது போதுமானது. லித்தியம் பேட்டரி எடை குறைவுதான். ஆனால் அதற்குரிய சார்ஜர் தனி, முழுதாக ஏறும்போது மின்னழுத்தம் 14.6 வோல்ட் வரை போகும் என்பதால் கருவியின் உச்ச வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பேட்டரியானாலும் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும், கையேடு சொல்லும் அளவில், பெரும்பாலும் 3 ஆம்பியர். உங்கள் படத்தில் பியூஸ் திரைக்குப் பின்னால் இருக்கிறது; இடையில் கம்பி உரசித் தீப்பிடித்தால் அந்த பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள், எஞ்சின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்சத்தைத் தளர்வாகச் சுற்றி ஓரமாக வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் திரையையும் பேட்டரியையும் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

அமைப்புகளில் மூன்றை மாற்றுங்கள். நீரின் வகையை நன்னீர் என்று வையுங்கள். கடல்நீரில் ஒலி சற்று விரைவாகச் செல்வதால் அந்த அமைப்பில் 40 அடிக்கு ஓர் அடி கூடுதலாகக் காட்டும். மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், அது கிளையையும் குமிழியையும் மீன் என்று வரைந்து ஆசை காட்டும். அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ் போதும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்குரியது. ஒலிக்கூம்பு 20 பாகை விரிவுள்ளது என்றால், 40 அடி ஆழத்தில் அது தரையில் 14 அடி விட்டமுள்ள வட்டத்தைத் தொடும். எனவே திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்பதில்லை. திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போதைய நிலை, மற்றதெல்லாம் நீங்கள் கடந்து வந்த இடம்.

ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய திரையின் படத்தில் 12°11.50' என்று இருக்கிறது. இது 12 பாகை, பதினொன்றரைக் கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), அதாவது 12°11'30". நீங்கள் கைப்பேசியில் 12°11'50" என்று இட்டிருக்கிறீர்கள். புள்ளிக்குப் பின் வந்த பின்னத்தை விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு) என்று படித்துவிட்டீர்கள். வடக்கு-தெற்கில் ஒரு கலை 1,852 மீட்டர், ஆகவே 20 விகலை என்பது ஏறத்தாழ 617 மீட்டர் பிழை. கிழக்கு-மேற்கிலும் 78°50.40' என்பதை 78°50'40" ஆக்கியதால் ஏறத்தாழ 480 மீட்டர் சேர்ந்து, கோணல்வாக்கில் முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. உங்கள் கணக்கும் அதுதான். இரண்டு கருவிகளிலும் பாகையைத் தசமமாகக் காட்டும் ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். நின்ற படகில் திசைமுள் சுற்றுவதைக் கண்டு கலங்க வேண்டாம். நகர்ந்தால்தான் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்தக் கருவியின் உண்மையான பயன் அதில்தான் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் கட்லாவையும் ரோகுவையும் திரையில் துரத்துவது வீண் வேலை. அங்கே வலைக்காரனுக்கு வேண்டியது தரையின் வடிவம்: மூழ்கிய மரக்கட்டை எங்கே, தென்பெண்ணையின் பழைய ஆற்றுப்பள்ளம் எங்கே, பாறைத்திட்டு எங்கே. ஒரு கட்டையில் மாட்டிக் கிழியும் வலையின் விலை என்ன என்று உங்கள் மைத்துனருக்குத் தெரியும். கடைகளில் விற்கும் வரைபட அட்டைகள் கடலை மனத்தில் வைத்துச் செய்தவை. ஆகவே ஆழக்கோடுகளை நீங்களே பதிவு செய்ய வேண்டும். கார்மினில் க்விக்டிரா, ஹம்மின்பேர்டில் ஆட்டோசார்ட் என்று அந்த வசதிக்குப் பெயர். உங்கள் கருவியில் அது இல்லையென்றால் இடங்களைக் குறித்துக் குறிப்பேட்டில் எழுதினாலும் சரி.

ஆனால் அணையின் நீர்மட்டம் ஏறி இறங்கும். இன்று 32 அடி ஆழத்தில் இருக்கும் கட்டை கோடையில் புரொப்பெல்லரை உடைக்கும். ஆகவே கருவியை மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றுங்கள். அணையின் மட்டமும் அடியில்தான் அறிவிக்கப்படுகிறது, சாத்தனூரின் முழு மட்டம் 119 அடி. குறிக்கும் நாளில் மட்டம் 100 அடி, கட்டையின் மேல் 32 அடி நீர் என்றால், கழித்து 68 என்று எழுதுங்கள். அந்த 68 மாறாது. பின்னொரு நாள் மட்டம் 75 என்று செய்தித்தாளில் படித்தால், கட்டையின் மேல் 7 அடி நீர்தான் என்பது படகில் ஏறும் முன்பே தெரிந்துவிடும். பெருவெள்ளம் வந்து போனால் மட்டும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அந்த அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேறியது; அத்தகைய வெள்ளம் கட்டைகளையும் வண்டலையும் இருந்த இடத்தில் விட்டு வைக்காது.

காவேரிப்பாக்கத்து உறவினருக்கு: வேண்டாம். ஏரியில் ஆழம் கரையை ஒட்டியும் மதகருகிலும்தான். உள்வாயிலை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும், அதிகம் குறைந்த நீரில் டிரான்ஸ்டியூசரால் அளக்கவும் முடியாது. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும் அவருக்குப் போதும். இடம் குறிக்கக் கையில் இருக்கும் கைப்பேசியே போதும்.