மாடியில் லவ் பேர்ட்ஸ், கூடத்தில் பச்சைக்கிளி: எதற்கு உரிமம், எதற்குத் தண்டனை?

கேள்வி: திருச்சியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் ஐந்து ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதத்துடன் மொட்டை மாடியில் கம்பி வலை அடித்து முப்பது லவ் பேர்ட்ஸ், நான்கு ஜோடி ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், இரண்டு ஜோடி ஜாவா குருவிகள் வளர்க்கிறேன். குஞ்சுகளை மாதந்தோறும் உள்ளூர்ப் பறவைக் கடைக்கும், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக நேரடியாகவும் விற்கிறேன். தீவனச் செலவு போகச் சிறிது மிஞ்சுகிறது. இவை தவிர, தென்னை மரப் பொந்திலிருந்து விழுந்த ஒரு பச்சைக்கிளிக் குஞ்சை என் தாயார் ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்து வளர்த்தார். அதுவும் எங்களுடன் இருக்கிறது. விடியற்காலைச் சத்தமும் பறந்து வரும் இறகும் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதப்போவதாகச் சொல்கிறார். வீட்டு உரிமையாளரோ, பதினைந்து நாளில் கூண்டுகளை அகற்றுங்கள் அல்லது வீட்டைக் காலி செய்யுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டார். லவ் பேர்ட்ஸ் வளர்க்க உரிமம் வேண்டுமா? என்னை வெளியேற்ற முடியுமா?

பதில்: தங்கள் கடிதத்தில் கிளியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆயினும் தாங்கள் சிறை செல்ல நேரக்கூடிய விஷயங்களில் முதன்மையானது அதுதான் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அது அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. இந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குத் துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் பொருளல்ல. உயிருடன் பிடிப்பதும், கூட்டைக் கலைப்பதும், முட்டையைச் சேதப்படுத்துவதும் அதற்குள் அடங்கும். தங்கள் தாயார் பிடிக்கவில்லை, விழுந்து கிடந்ததை எடுத்துக் காப்பாற்றினார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானாலும், அரசின் சொத்தாகிய வன உயிரினம் எந்த வகையில் ஒருவர் கைக்கு வந்தாலும், அவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. வழக்கென்று வந்தால், பறவை தங்கள் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு காட்டினாலே போதும். அது சட்டத்துக்குப் புறம்பான உடைமை என்று 57-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும், அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை தங்கள் தலையில் விழும். குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கிளியை யார்தான் வளர்க்கவில்லை என்று என் அலுவலகத்துக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் இரண்டு நிகழ்வுகளைச் சொல்வேன். 2023 பிப்ரவரியில் சென்னையில் நகைச்சுவை நடிகர் ஒருவர் வீட்டில் வளர்த்த இரண்டு பெரிய கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்து, அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்த கிளியின் சோதிடரை, செய்தி வெளிவந்த கையோடு வனத்துறையினர் பிடித்துச் சென்றனர். பரம்பரையாகக் கிளி வைத்துப் பிழைப்பவருக்கே இதுதான் நிலை.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரின் புகார் போய்ச் சேருமுன், கிளி கிடைத்த விதத்தை உள்ளது உள்ளபடி எழுதி, மாவட்ட வன அலுவலரிடம் தாங்களே அதை ஒப்படைத்து, எழுத்து மூலமான ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். தாமாக ஒப்படைப்பவர் மீது வழக்கே தொடரப்படாது என்று சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் 2023-இல் மதுரையில் வனத்துறை கெடு விதித்து, கிளி வளர்ப்போர் தாமாகவே வந்து ஒப்படைக்குமாறு அறிவித்ததைப் போல, பறவையை மீட்பதே துறையின் முதல் நோக்கமாக இருப்பதை நடைமுறையில் காண்கிறோம். கிளியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது குற்றத்தை இன்னொருவர் வாசலுக்குக் கொண்டுபோவதாகும். கூண்டைத் திறந்து பறக்கவிடுவதும் வேண்டாம். கையால் ஊட்டி வளர்ந்த பறவைக்குத் தானாக இரை தேடத் தெரியாது, பட்டினியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம். தங்கள் தாயாருக்கு இது எளிதாக இராது என்பதை அறிவேன். ஆயினும் எழுபது வயதில் வனச்சரக அலுவலகத்தில் விசாரணைக்கு உட்காருவது அதைவிடக் கடினம்.

இனி லவ் பேர்ட்ஸ். இந்தச் சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று பானையோடு சேர்த்து விற்கப்படுவது, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளி. அது இந்தியாவின் வன உயிரினம் அன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை கிளி இனங்களை ஏறத்தாழ முழுவதுமாகத் தன் பட்டியல்களில் சேர்த்திருந்தாலும், விலக்களிக்கப்பட்ட நான்கு இனங்களில் பட்ஜரிகரும் ஒன்று. காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளியும் அப்படியே. எனவே தங்கள் முப்பது பறவைகளை வீட்டில் வளர்ப்பதற்கோ, அவை குஞ்சு பொரிப்பதற்கோ வன உயிரினச் சட்டத்தின் கீழ் உரிமமும் வேண்டியதில்லை, பதிவும் வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் விஷயம் வேறு. அங்கே கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லாத, முகம் பீச் பழ நிறத்தில் இருக்கும் வகை மேற்சொன்ன நான்கு விலக்குகளில் அடங்கும். வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர், மாஸ்க் போன்றவை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை. ஜாவா குருவியும் அதே பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தம் இந்தப் பட்டியல்களை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகவே இணைத்துவிட்டது. அதன் விளைவாக, 49-எம் பிரிவின்படி இவற்றை வைத்திருப்பவர் அந்த உடைமையைப் பதிவு செய்ய வேண்டும். பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். ஒரே கடையில், ஒரே பெயரில், அருகருகே உள்ள இரண்டு கூண்டுகளில் விற்கப்படும் பறவைகளில் ஒன்றுக்குப் பதிவு வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம் என்பதை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை கண்டதில்லை.

இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்டன. அப்போதே பறவைகளை வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசமும், பின்னர் வாங்குவோருக்கு வாங்கியதிலிருந்து 30 நாள் அவகாசமும் தரப்பட்டது. விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியே தலைமை வன உயிரினக் காப்பாளருக்குச் செல்லும். தங்களுக்கு எந்தக் கணக்கில் பார்த்தாலும் கெடு கடந்திருக்கும் என்றே தோன்றுகிறது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடுவது தவறான முடிவு. தாமதத்துக்கான காரணத்தை விளக்கும் கடிதம், வாங்கிய கடையின் ரசீது அல்லது பணம் செலுத்திய பதிவு, கால் வளையம் இருந்தால் அதன் எண், ஒவ்வொரு ஜோடியின் புகைப்படம் ஆகியவற்றுடன் இப்போதே விண்ணப்பியுங்கள். அதிகாரி தேடி வந்தபின் விண்ணப்பிப்பவரையும் தாமாக முன்வந்து விண்ணப்பித்தவரையும் எந்த நீதிமன்றமும் ஒரே தட்டில் வைக்காது. பதிவு முடியும்வரை இந்த ஆறு ஜோடிகளின் குஞ்சுகள் எதையும் விற்காமலும் கொடுக்காமலும் இருங்கள். இனப்பெருக்கம் செய்வதற்கென்றே தனி உரிமம் வேண்டும் என்ற 49-என் பிரிவு, சைட்டிஸ் முதல் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கு மட்டுமே உரியது; ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ப்பவருக்கு அது பொருந்தும், தங்களுக்குப் பொருந்தாது.

தீவனச் செலவுக்குத்தான் விற்கிறேன் என்கிறீர்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் இலாபத்தின் அளவைக் கேட்பதில்லை. கூண்டுப் பறவைகள் உள்ளிட்ட செல்லப்பிராணிகளை விற்கும் தொழிலை, மொத்தமாயினும் சில்லறையாயினும், மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்று இன்றி எவரும் நடத்தக் கூடாது என்கின்றன. தெருவில் பெயர்ப்பலகை வைத்தால்தான் கடை என்பதில்லை. நண்பருக்கு ஒரு ஜோடியை அன்பளிப்பாகக் கொடுப்பது தொழிலாகாது என்பது என் கருத்து. ஆனால் மாதந்தோறும் கடைக்குக் குஞ்சு அனுப்பி, வாட்ஸ்அப்பில் படத்தோடு விலையும் போடுபவர், தாம் வெறும் ஆர்வலர் என்று வாதிடுவது கடினம். அந்தச் செய்திகளே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். மொட்டை மாடியில் நடக்கும் விற்பனைக்கு அது கட்டுப்படியாகுமா என்பதைத் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கட்டுப்படியாகாது என்றால் விற்பனையை நிறுத்துவதே சரி. வளர்ப்பதற்கு அதனால் தடை இல்லை.

கூண்டைப் பற்றி ஒரு சொல். பறவைக்கு நியாயமான அளவு அசைய இடம் தராத கூண்டில் அடைப்பது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் வெறும் பத்து முதல் ஐம்பது ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2011-லும், டெல்லி உயர் நீதிமன்றம் 2015-லும் கூறியிருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டித் தங்களை அச்சுறுத்தக்கூடும். அவை பறவை வணிகத்தில் நடந்த கொடுமையை ஒட்டி எழுந்த வழக்குகள். வீட்டில் பட்ஜரிகர் வளர்ப்பதே குற்றம் என்ற சட்டம் அவற்றால் பிறந்துவிடவில்லை. பறவைகள் சிறகு விரித்துப் பறக்கும் அளவுக்கு நீளமான வலைக்கூண்டும், வெயிலுக்குப் பாதிக் கூரையும், நாள்தோறும் மாற்றிய தண்ணீரும் இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து தங்களுக்கு அச்சமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் குறையை அலட்சியம் செய்யாதீர்கள். பொதுத் தொல்லை என்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டு, 292-ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கு உரியது. அபராதத்தைவிடப் பெரிது, குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு: அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கோ வசதிக்கோ கேடான தொழில் நடக்கிறது என்று நிர்வாக நடுவராகிய கோட்டாட்சியர் கருதினால், அதை அகற்றுமாறு நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். ஒரே ஒருவரின் மனத்தாங்கல் இதற்குப் போதாது. தெருவில் நாலு வீட்டார் கையெழுத்திட்டால் கதை மாறும். தனி ஒருவருக்கு மட்டும் தொல்லை என்றால் அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) கேட்டுத்தான் வழக்கிட வேண்டும். ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. பறவைக் குரலுக்கு அந்த விதிகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்கு உரியது என்றாலும், தங்கள் பறவைகள் ஐந்தரை மணிக்கே கூவத் தொடங்கினால் அது விதியின் கணக்கில் இரவு நேரம் என்பதை மறக்க வேண்டாம். மாலையில் கூண்டை அடர்ந்த துணியால் மூடி ஏழு மணிக்குத் திறந்தாலே விடியற்காலைச் சத்தம் பெரும்பாலும் அடங்கும். அவர் வீட்டுப் பக்கம் நெருக்கமான வலையோ தகரத் தடுப்போ வைத்து, தினை உமியையும் இறகையும் நாள்தோறும் கூட்டி அள்ளுங்கள். இவற்றைச் செய்த தேதிகளைப் புகைப்படத்தோடு குறித்துவையுங்கள். அவர் கோபத்தில் பறவைகளுக்கு விஷம் வைக்கத் துணிந்தால், நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி அவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்; ஆனால் இதை அவரிடம் போய்ச் சொல்லிச் சண்டையை வளர்க்காதீர்கள்.

கடைசியாக வீட்டு உரிமையாளர். பதினைந்து நாள் என்று அவர் எழுதிக்கொடுத்ததால் தாங்கள் பதினாறாம் நாள் வெளியேற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் அவர் தங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் தாங்கள் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அதே சமயம், அறிவிப்புக் கொடுத்த பின்னும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தொடர்ந்தால், அதை ஒரு காரணமாகக் காட்டி அவர் அந்த நீதிமன்றத்தை அணுக 21-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பொதுத் தொல்லை தருவதும், கட்டடத்துக்குச் சேதம் விளைவிப்பதும், வாடகைக்கு விடாத மொட்டை மாடியை ஆக்கிரமிப்பதும் தவறான பயன்பாட்டில் அடங்கும். வாய்மொழிச் சம்மதம் இங்கே பலவீனமான ஆதாரம். தங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா, அதில் மொட்டை மாடி குறிப்பிடப்பட்டிருக்கிறதா, செல்லப்பிராணி கூடாது என்ற நிபந்தனை உண்டா என்பவற்றை இன்றே எடுத்துப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தமே இல்லாதது அச்சட்டத்தின் கீழ் வெளியேற்றத்துக்கு ஒரு தனிக் காரணமாகலாம் என்பதால், அந்தக் குறை இருந்தால் என்னிடமோ வேறொரு வழக்கறிஞரிடமோ ஆவணங்களைக் காட்டிய பிறகே பதில் எழுதுங்கள்.

ஒப்பந்தம் சரியாக இருந்தால், பதினைந்து நாள் முடியுமுன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு பதில் அனுப்புங்கள். மொட்டை மாடியில் கூண்டு வைக்க எந்த ஆண்டில், எப்படிச் சம்மதம் தரப்பட்டது, சத்தத்துக்கும் இறகுக்கும் தாங்கள் செய்திருக்கும் ஏற்பாடுகள் எவை, சுவரிலோ தளத்திலோ சேதம் இருந்தால் அதைத் தங்கள் செலவில் சீர்செய்யச் சம்மதம் என்பன அதில் இருக்கட்டும். விற்பனையை நிறுத்திவிட்டதாக எழுதுவதென்றால், உண்மையிலேயே நிறுத்திவிட்டு, வாட்ஸ்அப் குழுக்களிலும் அதை அறிவித்த பிறகு எழுதுங்கள்.