ஊதிய அலமாரி, எரியும் பலகை: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மியர்பேங்க் அக்கா: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சமையலறை சிப்போர்டு அலமாரியின் அடிப்பக்கம் ஊதிவிட்டது. காயவைத்தால் சரியாகுமா?

ஆகாது அக்கா. அழுத்திச் செய்த மரத்துகள் தண்ணீர் ஏறினால் விரியும், பசைப்பிடிப்பும் விட்டுப்போகும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது; திருகு பிடிக்காது. அடிப்பலகையைக் கழற்றிவிட்டு வெளிப்புறப் பசை போட்ட பிளைவுட் வையுங்கள். வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே பசைக்கோடு கரும்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபீனால் பசை, ஈரம் தாங்கும். அறுத்த விளிம்புகளை வார்னிஷ் பூசி மூடுங்கள். தண்ணீர் அங்கேதான் நுழையும்.

வெருலம் தம்பி: கூரைத்தகட்டுக்கு அடியில் ஓஎஸ்பி (மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) போடலாமா?

கட்டுமானத் தரம் என்றால் போடலாம். பலகைகளை முட்டவைக்காதே, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடு. இல்லாவிட்டால் ஈரத்தில் விரிந்து மேடு தட்டும். பசை இருப்பதால் கரையான் தொடாது என்பார்கள். நம்பாதே, மருந்து ஏற்றிய பலகையாகக் கேள். விளிம்பை மூடு.

பீனிக்ஸ் அண்ணன்: பச்சை எம்டிஎஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) பாத்ரூமுக்கு ஆகுமா?

பச்சை என்பது அடையாளச் சாயம்தான் அண்ணா. ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. இதற்கும் விளிம்பை மூடுங்கள்!

பீட்டர்மரிட்ஸ்பர்க் தங்கை: மரத்தில் மாடி கட்டுகிறார்களாமே, தீப்பிடிக்காதா?

பிடிக்கும். ஆனாலும் கட்டுகிறார்கள்: அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் முடிந்த அசென்ட் என்ற கட்டடம் 25 மாடி. கீழ்த்தளங்களும் லிஃப்ட் தண்டும் கான்கிரீட், மேலே மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய கனமான சிஎல்டி எரியும்போது மேலே கரி கட்டும். அந்தக் கரி உள்மரத்தைக் காக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர்தான் கரியும். அதைக் கணக்குப் போட்டுத்தான் கனம் கூட்டுவார்கள்.

வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணன்: இரும்பு எரியவே எரியாது. இதென்ன வாதம்?

எரியாது அண்ணா, வளையும். 600 டிகிரி செல்சியஸில் பாதிக்கு மேல் பலம் போய்விடும்.

அதே அண்ணன்: இரும்புக்குத் தீத்தடுப்புப் பூச்சு பூசினால்?

பூசினால் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். சிஎல்டியிலும் ஒரு பலவீனம் உண்டு. சில பசைகள் சூட்டில் இளகி, கரிந்த அடுக்கு கழன்று விழும். புது மரம் வெளிப்பட்டு மறுபடி பற்றும். அதனால்தான் தீத்தாங்கும் பசை கேட்கிறோம், மேலே ஜிப்சம் பலகை மூடுகிறோம். இரண்டுக்கும் காப்பு வேண்டும்.

சாட்ஸ்வொர்த் தம்பி: எம்டிஎஃப் பாத்ரூமுக்கு ஆகுமா?

பீனிக்ஸ் அண்ணனுக்குச் சொன்னதைப் படி.

தோங்காட் அக்கா: நடுச்சுவரை எடுத்துவிட்டுப் பிளைவுட் தடுப்பு போடலாமா?

அது கட்டுமானப் பொறியாளர் சொல்ல வேண்டியது. வீட்டு வரைபடத்தோடு அவரைப் பாருங்கள். அதுவரை சுவரில் கை வைக்காதீர்கள்.