எச்.டி.ஆர். திரையில் வெயில் ஏன் வெயிலாகத் தெரிவதில்லை?

கேள்வி: சென்ற மாதம், ஆழ்ந்த இருளையும் மிகுந்த ஒளியையும் ஒரே படத்தில் காட்டும் எச்.டி.ஆர். வசதியுள்ள தொலைக்காட்சி வாங்கினோம். ‘நேரில் பார்ப்பது போலவே இருக்கும்’ என்று கடையில் சொன்னார்கள். இருட்டறையில் எரியும் விளக்கு அப்படித்தான் இருக்கிறது. நடுப்பகல் வெயிலில் எடுத்த காட்சிகளில் மட்டும் அந்த உணர்வு வரவில்லை. குறை எங்கள் திரையிலா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் திரையில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, நீங்கள் கவனித்த வேறுபாடு இன்றைய வீட்டுத் திரைகள் அனைத்துக்கும் பொதுவானது. ஒரு பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதை நிட் என்னும் அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் வைத்த வெள்ளைத் தாள் 25,000 நிட்டுக்கும் மேல் ஒளிரும். பழைய தொலைக்காட்சித் தரமோ ஏறத்தாழ 100 நிட்டை உச்சமாகக் கொண்டது. 2014இல் வகுக்கப்பட்ட பி.கியூ. என்னும் குறியீட்டு முறை 10,000 நிட் வரை பதிவுசெய்ய இடம் தருகிறது என்றாலும், எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்டையும், சில 4,000 நிட்டையும் உச்சமாக வைத்தே மெருகேற்றப்படுகின்றன.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் சொல்லப்படும் உச்ச ஒளிர்வைத் திரையின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே பெற முடியும். திரை முழுவதும் வெள்ளையாகும்போது மின்சாரமும் வெப்பமும் எல்லை மீறாதிருக்கக் கருவி தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரைகளில் இந்தக் குறைப்பு மிக அதிகம். விளக்குச் சுடர் திரையில் சிறு புள்ளி என்பதால் அதற்கு முழு ஒளியும் கிடைக்கிறது. வெயில் காட்சியிலோ வானம், சுவர், சாலை எல்லாமே ஒரே நேரத்தில் ஒளிர வேண்டியிருக்கிறது. அதோடு, வெளிச்சம் கூடும்போது நிறங்களும் செறிவாகத் தெரிவது நம் பார்வையின் இயல்பு. ஆகவே, குறைந்த ஒளியில் காட்டப்படும் வெயில் சற்று வெளிறித் தோன்றுகிறது.

இருள் பக்கத்தில் நிலைமை வேறு. ஓலெட் புள்ளி முற்றிலும் அணைந்துவிடக்கூடியது. ஆனால் 300 லக்ஸ் (ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமுள்ள கூடத்தில், தன்மீது விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறடிக்கும் திரையின் கருமை கிட்டத்தட்ட 1 நிட் ஆகிவிடும். நிலவொளியில் கிடக்கும் வெள்ளைத் தாளே 0.1 நிட்டை எட்டாது என்பதை எண்ணிப் பார்த்தால், இரவுக் காட்சியின் நுணுக்கங்கள் எவ்வளவு மூழ்கிப்போகும் என்பது விளங்கும். கூடத்து விளக்கை அணைத்து, திரைக்குப் பின்சுவரில் மங்கலான வெளிச்சம் மட்டும் வைத்துப் பாருங்கள். அதிக விலைக்குப் புதுத் திரை வாங்குவதைவிட இது பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நிஜத்தை அப்படியே காட்டவே முடியாதா என்றால், ஆய்வுக்கூடத்தில் அதன் அருகே சென்றிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனையில், சிறு பெட்டிக்குள் வைத்த உண்மைப் பொருளையும் அதன் திரை உருவத்தையும் பார்வையாளர்களால் எளிதில் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் அங்கே உயர்ந்த ஒளிர்வு மட்டும் போதவில்லை. இரு கண்களுக்கும் தனித்தனிப் படமும், தொலைவுக்கேற்ப மாறும் குவியமும் சேர வேண்டியிருந்தது. தட்டையான வீட்டுத் திரையில் அவை இரண்டுமே இல்லை.