59–55: லிமோஜ் வென்ற கோப்பை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு வீரர் விக்டர் வெம்பன்யாமாவின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக் கூடைப்பந்தின் மேல் எனக்கு ஆர்வம் வந்தது. அந்நாட்டுக் கழகங்களைப் பற்றி எதைப் படித்தாலும் லிமோஜ் என்ற பெயர் முன்னால் வந்து நிற்கிறது. அவர்கள் 1993 இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இறுதிப்போட்டியின் ஒளிப்பதிவைப் பார்த்தேன். 59–55! பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியதாகவே எனக்குப் பட்டது. அழகே இல்லாத இந்த வெற்றியை அந்த ஊர் ஏன் இன்னும் கொண்டாடுகிறது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த ஆட்டம் மெதுவானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அழகற்றது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன தொழிலாளர் நகரம். பிரான்சின் பெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பான செ.ஜெ.தே. 1895 இல் தொடங்கப்பட்டது அங்கேதான். அவ்வூரில் 1929 இல் ஒரு தேவாலய இளைஞர் மன்றமாகப் பிறந்த ‘செர்க்ல் சேன்-பியேர்’ என்ற கழகம், 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளிலும், ஐரோப்பியக் கழகங்களுக்கான இன்னொரு போட்டியான கோராச் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் தோற்றது, இளைஞர் ட்ராஜென் பெட்ரோவிச் ஆடிய யூகோஸ்லாவிய அணியான ஷிபென்கா. 1988 இல் ‘கோப்பை வென்றோர் கோப்பை’ என்ற மற்றோர் ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தது. ஆகவே 1993 வெற்றியைத் திடீரென அடித்த அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த வெற்றியின் நடுவில் இருந்தவர் பயிற்சியாளர் போஜிதார் மால்கோவிச். யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகரத்து யூகோபிளாஸ்டிகா அணியை 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவின் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் அவர். அந்த அணியின் மணியான ஆட்டக்காரர் டோனி குகோச். மூன்றாண்டுகள் கழித்து ஏதென்ஸ் இறுதிப்போட்டியில் எதிரணியான இத்தாலியின் ட்ரெவீசோவுக்கு ஆடியவரும் அதே குகோச்தான். தான் வளர்த்த மாணவனைத் தானே கட்டுப்படுத்த வேண்டிய நிலையில் அன்று மால்கோவிச் நின்றார்.

அவர் வகுத்த வழி எளிய கணக்கு. அன்றைய விதிப்படி ஒரு அணி 30 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தால் போதும். அந்த அவகாசத்தைக் கடைசிவரை பயன்படுத்தினால் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் கிடைக்கும் தாக்குதல்களின் எண்ணிக்கை குறையும்; அது குறையக் குறைய, திறமையில் உள்ள இடைவெளி புள்ளிகளாக மாறுவதற்கான வாய்ப்பும் குறையும். ஆனால் மெதுவாக ஆடுவது மட்டும் யாரையும் வெல்ல வைக்காது. ஒவ்வொரு முறையும் எதிரணியின் 30 விநாடிகளையும் கால் ஓயாமல் காவல் காக்க வேண்டும். லிமோஜ் வீரர்கள் ரிஷார் தகூரி, யூரி ஸ்டோவ்ட்ஸ், ஜிம் பில்பா ஆகியோர் அதைச் செய்தார்கள். அரையிறுதியில் லித்துவேனிய நெடியவர் சபோனிஸ் ஆடிய ரியால் மாட்ரிட்டை 52 புள்ளிகளோடு நிறுத்தியதும் அந்தக் காவல்தான். நீங்கள் நேரக் கடத்தல் என்று கண்டதை நான் உழைப்பு என்று காண்கிறேன்.

இறுதிப்போட்டியின் கடைசி நொடிகளை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பந்து குகோச்சிடம் இருக்கிறது. ட்ரெவீசோவின் நம்பிக்கை முழுவதும் அந்த நெடிய கைகளில்தான். அவரைவிட மிகக் குள்ளமான லிமோஜ் வீரர் ஃப்ரெதெரிக் ஃபோர்ட் நெருங்கிவந்து பந்தைப் பறித்துவிடுகிறார். பிரான்சின் ஆண்கள் கூடைப்பந்துக் கழகம் ஒன்று ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையைத் தொட்டது அப்போதுதான். பிரெஞ்சு லீகில் ஆடும் மொனாக்கோ 2025 இல் இறுதிவரை வந்தும் துருக்கியின் ஃபெனர்பாச்சேயிடம் தோற்றது என்பதை நினைத்தால் அந்தப் பறிப்பின் அருமை இன்னும் விளங்கும்.

ஊர் ஏன் கொண்டாடுகிறது என்ற உங்கள் கேள்விக்கான விடை அதன் பிறகு நடந்தவற்றில் இருக்கிறது. 2000 இல் லிமோஜ் பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே கோடையில் கடன் சுமையால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. திரும்பி மேலே வந்தும் நிலைக்க முடியவில்லை. 2004 இல் கழகம் திவாலாகி மூன்றாம் பிரிவில் போய் விழுந்தது. இந்தக் காலத்தை நிர்வாகிகளின் ஊதாரித்தனம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வரவுக்கு மேல் செலவு செய்தது உண்மைதான். ஆனால் பெருநகரங்களின் பணத்தோடு ஒரு சிறிய நகரம் போட்டியிட நேர்ந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அந்தப் பள்ளத்தில் தலைவர் பொறுப்பை ஏற்றவர் அதே ஃபோர்ட். அப்போது அவருக்கு வயது 34. கழகம் முதல் பிரிவை எட்ட 2010 ஆயிற்று. மறு ஆண்டே இறங்கி, 2012 இல் மீண்டும் ஏறியது. 2014 இலும் 2015 இலும் ஸ்ட்ராஸ்பூர் அணியை வென்று பிரெஞ்சுச் சாம்பியன் ஆனது. லிமோஜின் சொந்த அரங்கான போப்லானில் அமர்ந்திருந்த முதியவர்களுக்கு, தலைவர் இருக்கையில் இருந்தவர் குகோச்சிடமிருந்து பந்தைப் பறித்த அந்த இளைஞர்தான் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியிருந்திருக்காது.

2017 டிசம்பர் 31 அன்று, 47 வயதில், ஃபோர்ட் மாரடைப்பால் காலமானார். அன்றும் அவர்தான் கழகத்தின் தலைவர்.